சரக்கு தீர்ந்தாலும் பக்கத்தை நீக்காதீர்கள்!

மஞ்சள் தூள், நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய் என்று சொந்த இணையதளம் வைத்து விற்கும் விவசாயிகளும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சரக்கு தீர்ந்ததும் அந்தப் பொருளுக்கான பக்கத்தையே நீக்கிவிடுவது உண்டு. 'இல்லாத பொருளை எதற்குக் காட்ட வேண்டும்' என்ற எண்ணம்தான் காரணம். ஆனால், அடுத்த அறுவடைக்கு வர வேண்டிய வாடிக்கையாளரை இழக்க இது வழிவகுக்கும்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகாசி, ஆனியில் நட்டு, தை, மாசியில் வெட்டும் பயிர் இது. ஓரிரு ஏக்கரில் விளைந்ததை மட்டும் வேகவைத்து, காயவைத்து, அரைத்து விற்பவருக்கு அடுத்த வெட்டுக்கு முன்பே இருப்பு தீர்ந்துவிடலாம். இடைப்பட்ட மாதங்களில் பக்கத்தை என்ன செய்கிறீர்கள் என்பதே கேள்வி.

என்ன நடக்கிறது?

பக்கத்தை நீக்கியதும், அந்த முகவரிக்கு வரும் கூகுளுக்கு '404' அதாவது 'பக்கம் இல்லை' என்ற பதில் போகிறது. இதே பதில் தொடர்ந்தால் கூகுள் அந்தப் பக்கத்தைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பல மாதங்களாகச் சேர்ந்த மதிப்பும், பிற தளங்கள் தந்த இணைப்புகளின் பலனும் வீணாகும். தை மாதம் புதுப் பக்கம் போட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை நேரடி ஆர்டர் குறையும். மண்டி விலைக்கே தள்ள வேண்டி வரும்.

2020ல் கொரோனாவால் கடைகள் மூடியபோது கூகுள் தந்த ஆலோசனையும் இதுதான்: தளத்தை மூடாதீர்கள்; வாங்கும் வசதியை மட்டும் நிறுத்தி, நிலவரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

என்ன செய்யலாம்?

* 'இருப்பு இல்லை' என்று பக்கத்தின் மேலேயே தெளிவாக எழுதுங்கள். 'வாங்க' பொத்தானை மட்டும் நிறுத்துங்கள். படம், விளக்கம், வாடிக்கையாளர் கருத்துகள் அப்படியே இருக்கட்டும்.

* அடுத்த சரக்கு எந்த மாதம் வரும் என்று குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப் எண் வாங்கி வைத்து, சரக்கு வந்ததும் தகவல் அனுப்புங்கள். விளைச்சல் வானத்தை நம்பியது என்பதால் முன்பணம் வாங்காமல் இருப்பது நல்லது.

* கையில் உள்ள வேறு பொருளுக்கு அங்கேயே இணைப்பு கொடுங்கள். மஞ்சள் தூள் இல்லாவிட்டால் விரலி மஞ்சளைக் காட்டலாம்.

* தளம் அமைத்துத் தந்தவரிடம், கூகுள் படிக்கும் பொருள் விவரக் குறியீட்டிலும் 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று மாற்றச் சொல்லுங்கள். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் பொருளைப் பதிந்திருந்தால், அங்கும் பக்கத்திலும் இருப்பு நிலவரம் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் பொருள் நிராகரிக்கப்படலாம்.

* ஷாப்பிஃபையில் பொருளை 'டிராஃப்ட்' ஆக்கினால் பக்கம் மறைந்துவிடும்; இருப்பை 'பூஜ்யம்' ஆக்கினால் போதும். வூகாமர்ஸில் 'ஸ்டாக் இல்லாத பொருளைப் பட்டியலில் மறை' என்ற தேர்வை டிக் செய்யாதீர்கள்.

* ஆண்டுதோறும் புது முகவரி வேண்டாம். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வைத்து, அறுவடை விவரத்தை மட்டும் புதுப்பியுங்கள்.

இனி விற்கவே மாட்டோம் என்றால்?

அந்தப் பொருளை நிரந்தரமாகக் கைவிட்டால், பழைய முகவரிக்கு வருபவரை அதற்கு மிக நெருக்கமான பொருளின் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். இதை '301' திருப்பம் என்பார்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் பலன் இல்லை. கூகுள் அதையும் 'இல்லாத பக்கம்' என்றே கணக்கிடக்கூடும். நெருங்கிய பொருள் எதுவும் இல்லாவிட்டால் பக்கத்தை நீக்கிவிடலாம்.

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் உங்கள் தளத்தைப் பதிந்து, மாதம் ஒருமுறை '404' பட்டியலைப் பாருங்கள். விற்பனையில் உள்ள பொருளின் பக்கம் அதில் இருந்தால் உடனே சரிசெய்யுங்கள்.

இத்தனையும் செய்தாலும் அதே இடம் நிலைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. இருப்பு இல்லாத நாட்களில் இடம் சற்று இறங்கவும் செய்யலாம். ஆனால், பக்கம் உயிரோடு இருந்தால்தான் அதை மீட்க முடியும். சரக்கு தீரும் அன்றே பத்து நிமிடம் ஒதுக்கி இந்த மாற்றங்களைச் செய்துவிடுங்கள். தை மாதம் புது மஞ்சள் வந்ததும் இருப்பு எண்ணை மாற்றினால் விற்பனையைத் தொடங்கிவிடலாம்.