சமயபுரத்துக்கு எத்தனை எழுத்து?

சமயபுரம் என்ற பெயரில் 6 எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 8 என்று வரும். யூனிகோடில் ‘பு’ என்பது பகரமும் உகரக் குறியும், ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். திருச்சிராப்பள்ளியின் 9 எழுத்துகள் இப்படியே 17 ஆகின்றன. இந்த எண்ணிக்கை எல்லா உலாவிகளிலும் ஒன்றுதான். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும்போதுதான் உலாவிக்கு உலாவி வேறுபாடு வந்தது.

பிரிப்பதற்கென்றே ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட்டில் உண்டு. குரோம் அதை 2020 இறுதியில் தந்தது, சஃபாரி 2021இல், ஃபயர்ஃபாக்ஸ் 2024 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் குரோமில் மட்டும் சோதித்த ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு, ஃபயர்ஃபாக்ஸில் அந்த வசதியை அழைக்கும் வரிக்கு வந்ததும் நின்றுவிட்டிருக்கும். அதற்குக் கீழே நிரல் எழுதிய பொத்தான்களும் வேலை செய்திருக்கா.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான தரம் 1997 முதல் பொதுவாக இருக்கிறது. ஆனால் அதை நிறைவேற்றும் எஞ்சினை குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் நிறுவனங்கள் தனித்தனியே, தத்தம் வேகத்தில் உருவாக்குகின்றன. குரோமின் எஞ்சினையே எட்ஜும் சாம்சங் உலாவியும் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் ஐபோனில் ஓடும் குரோமுக்குள் இருப்பதோ சஃபாரியின் எஞ்சின். போதாததற்கு, பழைய தளங்கள் முடங்காதிருக்க ஏறத்தாழ எல்லா உலாவிகளும் இன்றும் தம்மை ‘மொசில்லா’ என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஆகவே உலாவியின் பெயரைப் பார்த்து நிரலின் போக்கை முடிவு செய்வது தவறான வழி.

தேவையான வசதி இருக்கிறதா என்று நிரலிலேயே கேட்பதுதான் சரி. செக்மென்டர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், ஓர் எழுத்தையும் அதைத் தொடரும் குறிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் சிறு விதி தமிழுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் ஸ்ரீரங்கத்தின் ‘ஸ்ரீ’ இரு வழியிலும் ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகவே பிரியும்; அதை ஒன்றாக வைத்துக்கொள்ளத் தனி விதி எழுத வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் புதிய இலக்கணத்துக்கு, வசதி இருக்கிறதா என்று கேட்கும் இந்தச் சோதனை உதவாது. பழைய உலாவிக்குப் புரியாத ஒரு குறி இருந்தாலே முழுக் கோப்பையும் அது தள்ளிவிடும். சோதனை வரியும் ஓடாது. அத்தகைய நிரலை பேபல் போன்ற கருவியால் பழைய நடைக்கு மாற்றி அனுப்புகிறார்கள். விடுபட்ட வசதிகளை ஈடுகட்டுபவை ‘பாலிஃபில்’ எனப்படும் துணை நிரல்கள். அவற்றில் சில கனமானவை. தேவைப்படும் கைபேசிக்கு மட்டும் அனுப்புவதே நியாயம், டேட்டா செலவு பயனருடையது அல்லவா?

தேதியிலும் கவனம் வேண்டும். சமயபுரம் தேரோட்டத்தின் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டு எழுதினால் குரோம் ஏற்கும். பழைய சஃபாரி செல்லாத தேதி என்று சொல்லிவிடும். தரம் சொல்லும் வடிவத்தில் அங்கே ‘டி’ என்ற ஆங்கில எழுத்து வர வேண்டும்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் ஆங்கிலச் சொற்களோடு சோதனையை முடித்துவிடக் கூடாது. ஸ்ரீரங்கம், கொள்ளிடம், திருச்சிராப்பள்ளி என்ற பெயர்களை ஒரு பழைய ஆண்ட்ராய்டிலும் ஓர் ஐபோனிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.