இரும்பு சேர்த்த புள்ளிகள்

செட்டிநாட்டு நெற்குப்பையில் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் ஜன்னல் கம்பியில் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணத்துக்காகவே இயற்பியலாளர்கள் நெடுங்காலம் இரும்பை மீக்கடத்திகளின் பக்கம் சேர்க்காமல் வைத்திருந்தார்கள்.

மின்தடை துளியும் இல்லாத பொருள் மீக்கடத்தி. 1911-இல் பாதரசத்தில், 4.2 கெல்வின் கடுங்குளிரில் முதன்முதலாக அது தெரியவந்தது. அங்கே எலக்ட்ரான்கள் தனியே ஓடுவதில்லை. எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு இணைந்தே செல்கின்றன. கல்யாணமான தம்பதியை நகரத்தார் ஒரே ‘புள்ளி’யாகக் கணக்கிடுவார்கள் அல்லவா? அப்படித்தான் இதுவும். காந்த அணுக்கள் அருகே வந்தால் அந்தப் புள்ளி பிரிந்துவிடும். இரும்போ காந்தத்தின் தாய்வீடு.

2008-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிதியோ ஹொசோனோ குழு இந்த எண்ணத்தை மாற்றியது. லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் சேர்ந்த சேர்மத்தில் கொஞ்சம் ஆக்சிஜனை எடுத்துவிட்டு ஃபுளூரினை வைத்தார்கள். 26 கெல்வினில், அதாவது மைனஸ் 247 டிகிரி செல்சியஸில், அது மீக்கடத்தியானது. சில மாதங்களிலேயே, லாந்தனத்தின் இடத்தில் சமாரியம் வந்ததும், அந்த வெப்பநிலை 55 கெல்வினுக்கு ஏறியது.

சூட்சுமம் எலக்ட்ரான்களின் அமைப்பில் இருக்கிறது. இச்சேர்மத்தின் அடுக்கில் இரும்பு அணுக்கள் ஆத்தங்குடிக் கல் பாவியதுபோல் சதுரம் சதுரமாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்கள் உலவும் ஐந்து டி-ஆர்பிட்டால்கள். ஐந்தும் மின்னோட்டத்தில் பங்கெடுக்கின்றன. அதனால் எலக்ட்ரான்களின் உந்தத்தை வரைபடமாக்கினால் நடுவில் எலக்ட்ரான் இல்லாத ‘துளை’ப் பைகளும் மூலைகளில் எலக்ட்ரான் நிறைந்த பைகளும் தனித்தனியே தெரிகின்றன. கலப்பில்லாத சேர்மத்தில் இவை ஏறக்குறைய ஒத்த அளவில் இருப்பதால் இரும்பின் காந்தங்கள் வரிக்கு வரி திசை மாறி ஒழுங்காக நின்றுவிடும். ஃபுளூரின் கூடுதல் எலக்ட்ரான்களைத் தந்து அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. ஒழுங்கு போனாலும் காந்தத் துடிப்பு போவதில்லை. அத்துடிப்பே இணைகளை ஒரு பையிலிருந்து மறு பைக்குத் தாவவைத்துக் கட்டிக் காக்கிறது என்று இகோர் மாசினும் சகாக்களும் அதே ஆண்டில் முன்வைத்த விளக்கத்தை இன்று பலர் ஏற்கிறார்கள்.

இதே இரும்புக் குடும்பத்தைச் சேர்ந்த இரும்பு செலினைடு சாதாரண அழுத்தத்தில் 8 கெல்வினில்தான் மீக்கடத்தியாகும்; சுமார் 90,000 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினால் 37 கெல்வின் வரை எட்டும். இத்தகைய சேர்மங்களை அழுத்திப் பார்க்கும் ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயர் அழுத்த ஆய்வு மையத்தில் நடந்திருக்கிறது.

இனி ஜன்னல் கம்பியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கும்போது கையில் உணரும் இழுப்பைக் கவனியுங்கள். அது இரும்பின் டி-எலக்ட்ரான்களுடைய தற்சுழற்சியின் வேலை. இணையைப் பிரிக்கும் என்று நாம் அஞ்சியதும் அதைத்தான்; வேறொரு அமைப்பில் இணையைச் சேர்த்துவைப்பதும் அதுதான்.