வானில் தூரமும் நேரமும்

ஐதராபாத்திலிருந்து தில்லிக்குச் செல்லும் இரயில் பாதை நாகபுரி, போபால் வழியாக 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாள் பிடிக்கிறது. ஆனால் வான்வழியாக அளந்தால் இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் சுமார் 1,260 கிலோமீட்டர்தான். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இதனைக் கடக்க 95 நிமிடங்கள் போதும். எனினும் கால அட்டவணை ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தைக் குறிக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

நேரம் செலவாகும் விதம்

விமானம் புறப்படும் இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், உரிய உயரத்தை எட்டவும், இறங்குமுன் வேகத்தைக் குறைக்கவும் நேரம் தேவை. நெரிசல் மிக்க நிலையங்களில் இறங்க அனுமதி கிடைக்கும் வரை வானில் வட்டமிடவும் நேரிடுகிறது. அட்டவணை இவை அனைத்தையும் கணக்கில் கொள்கிறது.

காற்றும் ஒரு காரணமாகும். ஐதராபாத்திலிருந்து இலண்டன் சுமார் 7,750 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உயர் வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், போகும்போது விமானத்தை எதிர்க்கிறது. திரும்பும்போது அதற்குத் துணை செய்கிறது. ஆகவே தூரம் ஒன்றாயினும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

வளைந்த நேர்வழி

பூமி உருண்டை வடிவமானது. எனவே இரு நகரங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி, தட்டையான வரைபடத்தில் வளைந்து தோன்றும். இதுவே பெருவட்டப் பாதை எனப்படும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா ஐதராபாத்துக்கும் சிகாகோவுக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது. இந்நகரங்களை இணைக்கும் பெருவட்டம் சுமார் 13,300 கிலோமீட்டர் நீளமுடையது. அது ஆர்க்டிக் பகுதியில் ஏறத்தாழ 79 பாகை வட அட்சரேகை வரை செல்கிறது.

சுற்றுவழியின் விலை

குறுகிய வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதால், மேற்கே சென்ற இந்திய விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. பயண நேரமும் எரிபொருள் செலவும் உயர்ந்தன.

உள்நாட்டிலும் இப்பிரச்சினை உண்டு. பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒதுக்கப்பட்ட வான்பகுதிகளைப் பயணிகள் விமானங்கள் தவிர்க்க வேண்டியுள்ளது. இந்திய வான்வெளியில் 60 சதவீதமே தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்தது. கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் விமானப் போக்குவரத்துத் துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் பயன் விளையும் என்றும் அப்போது மதிப்பிடப்பட்டது. புதிய ஓடுபாதை எதுவும் அமைக்காமலே கிட்டக்கூடிய சேமிப்பு இது.

வாயில் முதல் வாயில் வரை

2008 மார்ச்சில் ஐதராபாத்தின் பயணிகள் போக்குவரத்து, நகரின் நடுவிலிருந்த பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு மாறியது. விரிவாக்கத்துக்கு இடம் கிடைத்தது. ஆனால் நகரவாசிகள் பலருக்குத் தரைவழிப் பயணம் நீண்டது. அதனை ஈடுசெய்ய 11 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள உயர்மட்டச் சாலை 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

பயணியின் நேரம் வீட்டு வாயிலிலேயே தொடங்கிவிடுகிறது. வானில் மிச்சமாகும் இருபது நிமிடங்களைச் சாலை நெரிசல் எளிதில் விழுங்கிவிடும். ஆதலால் வான்வழியையும் தரைவழியையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாகக் கருதுவதே பொருத்தமாகும்.