ஒரு நாளைக்கு 400 பவுண்ட்: கைக்கு எவ்வளவு வரும்?

"லண்டன்ல கான்ட்ராக்ட் ஆஃபர் வந்திருக்கு, ஒரு நாளைக்கு 400 பவுண்ட், எடுக்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. நான் இதுல அடிபட்டவன், அதனால என் கணக்கையே சொல்றேன்.

மனைவியோட வேலை விசாவில் டிபென்டன்டாக லண்டன் போனேன். 2025இல் முதல் கான்ட்ராக்ட். வாரத்துக்கு ஐந்து நாள், 2,000 பவுண்ட். இன்ஜினியர் இல்லையா, உடனே எக்ஸெல் திறந்தாச்சு. வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எல்லாம் போக வாரம் 1,360 வந்தது. அதை நம்பி வாடகை வீட்டுக்குக் கையெழுத்து போட்டேன். அக்கவுன்டுக்கு வந்தது 1,200. நாலு வாரத்துக்கு 640 பவுண்ட் துண்டு!

ஃபார்முலா சரிதான். ஆரம்பிச்ச நம்பர் தப்பு. அந்த 2,000 என் சம்பளமே இல்லை.

பெயருக்குக் கான்ட்ராக்டர், ஆனா நடைமுறையில் ஊழியர் மாதிரிதான் வேலை பார்க்கிறீங்கன்னா, பிரிட்டனில் அதை 'இன்சைட் ஐஆர்35'னு சொல்வாங்க. (1999இல் வரித்துறை வெளியிட்ட 35ஆம் நம்பர் அறிக்கை, அதான் அந்தப் பெயர்.) அப்போ பெரும்பாலும் ஒரு அம்ப்ரெல்லா கம்பெனி வழியாத்தான் பணம் வரும். சட்டப்படி அதுதான் உங்க முதலாளி. முதலாளின்னா அவங்களும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டணும்: ஏப்ரல் 2025 முதல், வருஷத்துக்கு 5,000 பவுண்டுக்கு மேல் போற சம்பளத்தில் 15%. இது உங்க பங்குக்கு மேல தனி. அதை யார் தலையில கட்டுவாங்க? க்ளையன்ட் கொடுக்கிற அதே 2,000லதான் எடுப்பாங்க.

என் கணக்குல முதலாளியோட இன்ஷூரன்ஸ் 244, அப்ரென்டிஸ்ஷிப் லெவி 9, அம்ப்ரெல்லா கமிஷன் 25. மிச்சம் 1,722. இதுதான் சம்பளம், இதிலிருந்துதான் என்னோட வரி ஆரம்பிக்குது. பேஸ்லிப்பில் 'ஹாலிடே பே'ன்னு ஒரு வரி பார்த்து சந்தோஷப்பட்டேன். அதுவும் இந்த 1,722க்குள்ளயே இருக்கு. லீவு போட்ட வாரத்துக்கு வேற பணம் வராது.

இதே ரேட்டுக்கு "கையில் 85% வரும்"னு யாராவது சொன்னா ஓடிடுங்க. சம்பளத்தில் பெரிய பங்கை 'கடன்'னு பேர் மாத்திக் கொடுக்கிற திட்டங்கள் அப்படித்தான் பேசும். வரித்துறை பிடிச்சா, பாக்கி கேட்டு நோட்டீஸ் உங்க பேருக்கே வரும்.

ஆஃபர் வந்ததும் ஏஜென்சிகிட்ட 'கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்' கேளுங்க. ஏப்ரல் 2020 முதல், ஒப்பந்தம் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே அதைக் கொடுக்கணும்ங்கிறது சட்டம். எந்தப் பிடித்தம் எவ்வளவு, கைக்கு என்ன வரும்னு ஒரு மாதிரிக் கணக்கு அதில் இருக்கும்.

எனக்கும் அனுப்பியிருந்தாங்க. அந்த பிடிஎஃபை நான் திறந்தது, முதல் சம்பளம் வந்த அன்னிக்கு ராத்திரி.