முதலில் உட்கார இடம், பிறகு காகிதம்

சென்னை பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைகள் மூடிய பிறகு நடந்தால், ஷட்டருக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். நேற்றுப் பஸ் ஏறி வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டி காலத்திலிருந்தே அதே நடைபாதையில் இருப்பவர்களும் உண்டு. பூ விற்பது, மூட்டை தூக்குவது, வீட்டு வேலை என்று பிழைப்பு அங்கேயே இருக்கிறது. அப்படி ஒரு குடும்பத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளைப் பள்ளியில் சேர்க்க நாமும் கூடவே போவோம்.

கிளம்பும்போதே பெரும்பாலோருக்கு ஒரு எண்ணம் வரும். அட்ரஸ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, எப்படிச் சேர்ப்பார்கள்? படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவும் இதை நம்பித்தான் பள்ளி வாசலை மிதிக்காமல் இருக்கிறார். காகிதம் ஏன் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். மழையில் நனைந்து போகிறது. நடைபாதையைக் காலிசெய்ய வண்டி வந்தால் மூட்டையோடு போகிறது. காகிதத்தைப் பத்திரப்படுத்த அலமாரி வேண்டும், அலமாரி வைக்கச் சுவர் வேண்டும்.

சட்டமோ அந்த எண்ணத்துக்கு நேர்மாறாக நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லையென்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. கல்யாண வீட்டில் வந்தவரை முதலில் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, எந்த ஊர், யார் வழி உறவு என்று பிறகுதானே விசாரிப்போம்? அந்த முறைதான் இங்கேயும். வயதுக்கு மருத்துவமனைப் பதிவேடு போதும், அங்கன்வாடிப் பதிவேடு போதும். இரண்டும் கிடைக்காவிட்டால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆதார் கேட்டால்? பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஜூன் மாதம் தாண்டிவிட்டது என்பதும் காரணமாகாது. 15-ஆவது பிரிவு அதையும் அடைத்துவிடுகிறது.

சரி, எந்த வகுப்பு? இதுவரை பள்ளிக்கே போகாதவளை ஒன்றாம் வகுப்பில் குழந்தைகளோடு உட்கார வைத்தால், கூச்சத்திலேயே நின்றுவிடுவாள். அதனால் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி உண்டு. குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை. எட்டாம் வகுப்பை முடிக்கும் முன்பே 14 வயது கடந்தாலும் முடிக்கும்வரை கட்டணமில்லை. சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அடுத்தது டி.சி., அதாவது ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை பள்ளி மாறும்போது கேட்கப்படும் மாற்றுச் சான்றிதழ். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, கல்வியாண்டின் நடுவில் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. இப்படிப் போகும் பிள்ளைக்குப் பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும், தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். டி.சி. வந்து சேரவில்லை என்று புதிய பள்ளி காக்க வைக்கவும் கூடாது. 5-ஆவது பிரிவு இது.

ஆனால் பழைய பள்ளியிலேயே தொடர வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால்? அமெரிக்காவில் 1987-ல் வந்து பின்னர் திருத்தப்பட்ட ஒரு சட்டம், வீடிழந்த மாணவர் அதே பள்ளியில் தொடரலாம், பெற்றோர் கேட்டால் கல்வி மாவட்டமே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நம்மிடம் இலவச பஸ் பாஸ் இருக்கிறது. எட்டு வயதுப் பெண்ணைப் பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்குத் தனியாக யார் பஸ் ஏற்றிவிடுவார்கள்? இந்த ஓட்டையை நம் சட்டம் அடைக்கத்தான் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அலுவலக அறையில் "சான்றிதழ் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 32-ஆவது பிரிவு. குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அழைக்கலாம். அம்மா தனியாகப் போனால் குரல் எழும்பாமல் போகலாம், அதனால் கூட ஒருவர் போங்கள்.