பல்லைக் கடிக்கும் முன் ஒரு மூச்சு

குழந்தை தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால், வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். வயிற்றுக்கு முன் மூக்கைக் கவனியுங்கள் என்பேன். வாயைத் திறந்தபடி தூங்குகிறதா? குறட்டை விடுகிறதா? தலையணை எச்சிலில் நனைகிறதா? மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையில் உள்ள டான்சிலும் வீங்கி மூச்சுப் பாதை குறுகிய குழந்தைகளிடம் பல் கடிக்கும் பழக்கம் அதிகம். 2004இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், இப்படிப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பல்லைக் கடித்தார்கள். அந்தச் சதைகளை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அவர்களில் பெரும்பாலோருக்கு அது நின்றுவிட்டது.

பெரியவர்களின் கதை இன்னும் சுவையானது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் ஜில் லவீன் குழுவினர், தூங்குபவர்களின் மூளை அலை, இதயத் துடிப்பு, மூச்சு, தாடைத் தசை எல்லாவற்றையும் ஒருசேரப் பதிவுசெய்து பார்த்தார்கள். முதலில், உடலை உஷார்படுத்தும் பரிவு நரம்புகள் பரபரப்பாகின்றன. அப்புறம் மூளை அரை விழிப்புக்கு வருகிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு பெரிதாகிறது. அதற்குப் பிறகுதான் கன்னத் தசை இறுகிப் பற்கள் உரசுகின்றன. பல் கடிப்பது இந்த வரிசையின் கடைசிக் கண்ணி. அதனால் மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் எல்லோரும் பல்லைக் கடிப்பதில்லை. கடிக்கும் எல்லோருக்கும் மூச்சுத் தடையும் இல்லை.

பகலில் நடப்பது வேறு. பேசாமல், மெல்லாமல் சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உதடு மூடியிருக்கும், நாக்கு மேலண்ணத்தில் படிந்திருக்கும். மூக்கு வழியாகத் தாராளமாக மூச்சு ஓடினால்தான் இந்த நிலை கூடிவரும். மூக்கடைத்தவருக்கு வாய் திறக்கிறது, நாக்கு கீழே இறங்குகிறது, தலை முன்னே நீள்கிறது. கழுத்துத் தசைகளும் மூச்சுக்காக உழைக்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் எகில் ஹார்வோல்ட் குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த சோதனைகளில், அவற்றின் முகத் தசைகள் இயங்கும் விதமே மாறிப் பல்வரிசையும் கோணலானது. கொடுமையான சோதனைதான், ஆனாலும் மூக்குக்கும் தாடைக்கும் உள்ள உறவை அது கண்ணெதிரே காட்டியது.

இப்போதே காதுக்குக் கீழே, தாடை முனையில் இரண்டு விரலை வைத்துப் பல்லை இறுக்கிப் பாருங்கள். புடைத்து எழுவது மாசட்டர் தசை. கணினி முன் குனிந்திருக்கும்போதும், வண்டி நெரிசலில் நிற்கும்போதும் நம்மில் பலர் மூச்சை அடக்கியபடி இதை இறுக்கிக்கொண்டே இருக்கிறோம். பற்களை விலக்கி, உதட்டை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை வெளியே விடுங்கள். விரலுக்கடியில் தசை தளர்வது தெரியும்.

இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளப் பல் மருத்துவர் தரும் உறையான நைட் கார்டு பல் தேயாமல் காக்கும். கடிப்பதை அது நிறுத்தாது. காலையில் தாடை வலி, இரவில் குறட்டை, பகலில் தூக்கக் கலக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.