வேகத்திற்கு ஒரு கவசம்

நம் திருவொற்றியூருக்கு வடமேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. நான் இங்கு விளக்க விரும்புவது, நேர்கோட்டில் கால் மைல் பாயும் 'டிராக்' பந்தயக் காரின் கியர் பெட்டியைப் பற்றி.

சுழற்சி வேகம் இரு மடங்கானால் சுழலும் பொருளின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நாம் வகுப்பில் படித்ததே. அப்படிச் சுழலும்போது உடைந்தால் துண்டுகள் தோட்டாவாய்ப் பாயும். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்னும் வீரரின் கியர் பெட்டி வெடித்து, வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. அதன்பின் அவர் எஞ்சினைத் தம் முதுகுக்குப் பின்னே வைத்துக் கார் அமைத்து, 1971-இல் வென்றும் காட்டினார்.

அதிவேகக் கார்களுக்கு இன்று அமெரிக்கப் பந்தய விதிகள் கேட்பவை: தானியங்கி கியர் பெட்டியைச் சுற்றிக் கவசம், தவறிப் பின்னோக்குக் கியர் விழாதிருக்கப் பூட்டு, கியர் விழுந்திருந்தால் எஞ்சின் கிளம்பாதபடி ஸ்விட்ச், புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றி 2 அங்குல அகல, கால் அங்குலக் கன எஃகு வளையம். ஷாஃப்ட் கழன்றாலும் தரையில் ஊன்றிக் காரைக் கவிழ்க்காமல் இவ்வளையம் தாங்கும்.

சுழலும் பாகங்களை மூடிவைக்க வேண்டும் என்று நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் கூறியது. வேலை விரைவாக முடியுமென்று பட்டறையில் மூடியைக் கழற்றிவைப்போர், இழக்கப்போவது விரலா, கையா என்று சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!